முதல்ல என்ன செய்வீங்க சிஸ்டர்?

ரத்தம் ஏற்ற ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நோயாளிக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. இடுப்பு வலிக்கிறது என்கிறார். மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் நிற்கும் நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? காய்ச்சல் பார்ப்பதா? கம்பளி போர்த்துவதா? டாக்டருக்கு போன் போடுவதா? ரத்தத்தை நிறுத்துவதா?

ரத்தத்தை நிறுத்துவதுதான் சரி. டியூபையும் மாற்றி, வெறும் சலைனை ஓடவிட்டு, ஊசி ஏறியிருக்கும் நரம்பு அடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் போன். உள்ளே போகும் ஒவ்வொரு சொட்டும் பொருந்தாத ரத்தமாக இருக்கலாம் என்கிறபோது, ரிங் போகிற நேரம்கூட அதிகம்.

அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் வாங்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வில் இந்த ரகக் கேள்விகள்தான் ஏராளம். முதலில் எதைச் செய்வாய், நான்கு நோயாளிகளில் யாரை முதலில் போய்ப் பார்ப்பாய் என்று துளைத்து எடுப்பார்கள். 2023 ஏப்ரலில் தேர்வையே மாற்றி, ஒரு நோயாளியின் முழுக் கதையையும் கொடுத்து, கட்டம் கட்டமாக என்ன தீர்மானிப்பாய் என்று கேட்கிற மாதிரி இன்னும் கடினமாக்கிவிட்டார்கள். நாகர்கோவில் பக்கத்துப் பெண்களும் வேலூரில் படித்த பெண்களும் இதை எழுதிப் பாஸ் செய்து விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதே பெண், விமானம் ஏறும் நாள்வரை இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அங்கே அவளிடம் கேட்கப்படும் கேள்வி வேறு. "யாரைக் கேட்டும்மா பண்ணினே?"

இந்தக் கட்டுரையின் சண்டை அந்த ஒரு கேள்வியோடுதான்.

நர்சிங் படிப்பில் 'இன்டர்வென்ஷன்' என்று ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நோயாளியின் நிலையைப் பார்த்து, இவருக்கு இப்போது இது தேவை என்று தீர்மானித்து நர்ஸ் செய்யும் காரியம். சிலவற்றை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் செய்ய முடியும். சிலவற்றை அவளே முடிவெடுத்துச் செய்யலாம், செய்தே ஆகவேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இவற்றையெல்லாம் தொகுத்து 1992ல் ஒரு புத்தகமாகவே போட்டார்கள். பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து இன்றைக்கு அதில் 500க்கும் மேற்பட்ட காரியங்கள் இருக்கின்றன. நம் ஊரில் ஒருவரை நிறுத்தி நர்ஸ் என்ன செய்வார் என்று கேளுங்கள். ஊசி, மாத்திரை, டிரிப்ஸ், பெட்பான். நாலு!

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்த வார்டிலும் எந்த ராத்திரியிலும் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பெரியவர். எழுபது வயது. பகலெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், ராத்திரி இரண்டு மணிக்குக் கத்துகிறார். மகளைப் பார்த்து "யாரு நீ" என்கிறார். டிரிப்ஸைப் பிடுங்குகிறார். கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார். வார்டில் மற்ற நோயாளிகள் எழுந்துவிட்டார்கள். வழக்கமாக என்ன நடக்கும்? கட்டுத்துணியால் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டுவார்கள். டியூட்டி டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஒரு தூக்க ஊசிக்கு உத்தரவு வாங்குவார்கள். பெரியவர் அடங்கிவிடுவார். காலையில் கேஸ் ஷீட்டில் "இரவு அமைதியின்மை, ஊசி போடப்பட்டது" என்று ஒரு வரி. தீர்ந்தது.

தீரவில்லை. அந்தக் கத்தலுக்குக் காரணம் என்ன என்று யாரும் பார்க்கவில்லையே. சிறுநீர் டியூபை அன்று காலையில் எடுத்திருப்பார்கள், அதற்குப் பிறகு அவர் சிறுநீரே போகாமல் அடிவயிறு கல்லாக இருக்கலாம். கையை வைத்துப் பார்த்தால் தெரியும். வலி தாங்காமல், வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாமல் இருக்கலாம். ஆக்சிஜன் இறங்கியிருக்கலாம், சுகர் இறங்கியிருக்கலாம், காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கலாம். மூன்றையும் பார்க்க மூன்று நிமிடம் போதும். கண்ணாடி மகளின் கைப்பையில் இருக்கிறது, அது இல்லாமல் அவருக்கு எதிரில் நிற்பது மகளா, பேயா என்றே தெரியாது. இதில் எது என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் ஊசி தேவையே இருக்காது. ஒரு விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, மகளைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, "அப்பா, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, கால்ல ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று நாலு தடவை சொல்வதும் இன்டர்வென்ஷன்தான். கையைக் கட்டினால் குழப்பமும் பயமும் ஏறும். வயதானவருக்குப் போடும் பல தூக்க ஊசிகள் அந்தக் குழப்பத்தை இன்னும் ஆழமாக்கும்.

ஆனால் பொறுங்கள். இப்போது பெரியவரின் இடத்தில் நாற்பத்தைந்து வயது ஆளைப் போடுங்கள். அட்மிட் ஆகி மூன்றாம் நாள். கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். அட்மிஷன் போடும்போது "குடிப்பாரா" என்று கேட்டதற்கு வீட்டில் "சே சே" என்று சொல்லியிருப்பார்கள். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் வரும் நிலை இது. உயிருக்கே ஆபத்து. இங்கே கண்ணாடியும் விளக்கும் போதாது. இவருக்கு அந்த ரக மயக்க மருந்து கட்டாயம் வேண்டும், வைட்டமின் பி1 வேண்டும், உடனே வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி கத்துகிறார்கள். செய்ய வேண்டியதோ நேர் எதிர். இதைப் பிரித்தறியப்போவது யார்? காலை ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடம் நிற்கும் பெரிய டாக்டரா? ராத்திரி பூரா அங்கேயே இருந்து, காரிடாரில் அந்த மனைவியிடம் தனியாகப் பேச்சுக் கொடுத்து உண்மையை வாங்கும் சிஸ்டரா?

இதற்குப் பெயர் மூளை வேலை. 'சேவை' அல்ல. வருஷத்துக்கு ஒருமுறை மே 12ம் தேதி கையில் விளக்கைக் கொடுத்து, வெள்ளை உடைத் தேவதை என்று மேடையில் பாடிவிட்டு, மற்ற 364 நாளும் "சொன்னதை மட்டும் செய்" என்பது ஏமாற்று வேலை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தது மட்டும்தான் நம் ஆட்களுக்குத் தெரியும். கிரிமியா போரில் எத்தனை பேர் எதனால் செத்தார்கள் என்று கணக்கெடுத்து, அதை வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர் அவர். 1858ல் லண்டன் புள்ளியியல் கழகம் ஒரு பெண்ணை முதன்முதலாக உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது, அது அவரைத்தான். இதை மேடையில் யாரும் பாடுவதில்லை, என்ன காரணமோ!

காமர்ஸ் படிக்கும் நண்பர்களுக்குப் பிடிக்கும் இடம் அடுத்து வருகிறது. படுக்கைப் புண்.

பக்கவாதம் வந்து அசையாமல் கிடப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். எலும்பு துருத்தும் இடங்களைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் சிவப்பு மறைந்து வருகிறதா, மறையாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லும் புத்தகம். (அந்தப் புத்தகம் வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.) பல வார்டுகளில் என்ன செய்கிறார்கள்? சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்த்துப் பவுடர் அடிக்கிறார்கள். நசுங்கிக் கிடக்கும் தசையை இன்னும் நசுக்கும் வேலை அது. காற்றடைத்த வளையத்தை வைக்கிறார்கள், அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கடைசியில், "வாட்டர் பெட் வாங்கிட்டு வாங்க." வாங்கிப் போட்டதும் திருப்புவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எந்தப் படுக்கையும் திருப்புவதற்குப் பதில் ஆகாது.

இப்போது கணக்கு. முப்பது படுக்கை வார்டு, ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டுவரை ஒரே ஒரு சிஸ்டர் என்று வையுங்கள். 12 மணி நேரம், 720 நிமிடம். ஆளுக்கு 24 நிமிடம். இந்த 24 நிமிடத்துக்குள்தான் மருந்து, ஊசி, பி.பி., டிரிப்ஸ் மாற்றுவது, எழுதுவது, புது அட்மிஷன், தண்ணீர் கேட்பவருக்குத் தண்ணீர் எல்லாமே. முப்பதில் எட்டுப் பேர் அசைய முடியாதவர்கள். ஒருவரைத் திருப்பச் சரியாக ஐந்து நிமிடம். ராத்திரிக்கு ஆறு தடவை. 8 x 6 x 5 = 240 நிமிடம். அதாவது திருப்புவதற்கு மட்டும் நான்கு மணி நேரம், அதுவும் இரண்டு ஆள் சேர்ந்து! எந்தக் காலேஜில் எந்தப் பாடத்தைப் படித்திருந்தாலும் இது நடக்காது. எது சரியான இன்டர்வென்ஷன் என்று தெரிந்தே செய்ய முடியாமல் நிற்பவளிடம் காலையில் "சிஸ்டர், புண் எப்படி வந்துச்சு?" என்று கேட்பார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை.

பில்லை எடுத்துப் பாருங்கள். வாட்டர் பெட் இருக்கும். புண் வந்தபின் தினமும் செய்யும் டிரஸ்ஸிங் சார்ஜ் இருக்கும். பஞ்சு, கையுறை, ஆயின்ட்மென்ட் எல்லாம் தனித்தனியாக இருக்கும். திருப்பிப் படுக்கவைத்ததற்கு வரியே கிடையாது. அது 'நர்சிங் சார்ஜ்' என்ற ஒற்றை வரிக்குள் ரூம் வாடகையோடு ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் கிடக்கும், நோயாளி எழுந்து நடப்பவரானாலும் அசையாமல் கிடப்பவரானாலும் ஒரே தொகை. வராத புண்ணுக்கு வருமானம் இல்லை, வந்த புண்ணுக்கு வருமானம் உண்டு. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் இப்படி ஒரு காஸ்ட் ஷீட் எழுதிக் கொடுத்தால் வாத்தியார் முகத்தில் எறிவார். ஆஸ்பத்திரியில் இதுதான் நடைமுறை.

இதை மாற்ற முடியாதா என்றால், முடியும். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2008 அக்டோபரிலிருந்து ஒரு விதி கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு வந்த ஆழமான படுக்கைப் புண்ணுக்குக் கூடுதல் பணம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டாலும் அப்படியே. அதுவரை பில்லில் வரவாக இருந்தது செலவாக மாறிவிட்டது. யார் யாரைத் திருப்பினார்கள் என்பதில் நிர்வாகத்துக்குத் திடீர் அக்கறை!

நர்சிங் கல்லூரிகளையும் விட்டுவிடக்கூடாது. 'கேர் பிளான்' என்று ஒரு ரெக்கார்டு நோட்டு எழுத வைக்கிறார்கள். கட்டம் போட்ட பக்கம். பரிசோதனை, பிரச்சினை, திட்டம், செயல், மதிப்பீடு. நல்ல யோசனைதான், யோசித்து எழுதினால். நடப்பது என்ன? சீனியர் நோட்டு ஜூனியருக்கு, ஜூனியர் நோட்டு அவளுடைய ஜூனியருக்கு. எந்த நோயாளியானாலும் 'நோயாளிக்கு ஆறுதல் கூறப்பட்டது', 'வசதியான நிலையில் படுக்கவைக்கப்பட்டார்', 'டாக்டர் உத்தரவுப்படி மருந்து கொடுக்கப்பட்டது'. மூச்சுத் திணறுகிறவருக்கு வசதியான நிலை என்பது நிமிர்ந்து உட்காருவது. மயங்கிக் கிடப்பவருக்கு ஒருக்களித்துப் படுப்பது. பி.பி. சரிந்தவருக்கு மட்டமாகப் படுத்துக் காலை உயர்த்திவைப்பது. இது மூன்றையும் 'வசதியான நிலை' என்று எழுதி மார்க் வாங்க முடிகிறது என்றால் அந்த மார்க் எதற்கு? ஆக்சிஜன் கூட இப்படித்தான். மூச்சு வாங்குகிறதா, முழுசாகத் திற என்பது பழக்கம். பல வருஷம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவருக்கு அளவு 88லிருந்து 92 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், அதற்குமேல் ஏற்றினால் உடம்பில் கரியமில வாயு சேர்ந்து மயக்கத்துக்கே போய்விடலாம்.

இனி மறுப்புகள். டாக்டர்கள் தரப்பில் சொல்வது: "அரைகுறைப் படிப்பு, இவங்ககிட்ட முடிவெடுக்க விட்டா ஆள் செத்துடும்." இதில் பாதி உண்மை. சின்ன நர்சிங் ஹோம்களில் ஆறு மாதச் சர்டிபிகேட் வாங்கிய பெண்ணுக்கு நர்ஸ் உடுப்பு மாட்டி நிறுத்துகிறார்கள். ஆனால் அவளை வேலைக்கு வைத்தது யார்? நர்சா? மலிவாகக் கிடைக்கிறாள் என்று முதலாளி எடுத்த முடிவு அது. அந்த நர்சிங் ஹோமின் முதலாளி பல இடங்களில் டாக்டர்தான். மலிவான ஆளை வைத்துக்கொள்வதும் அவரே, மலிவான ஆளை நம்ப முடியாது என்பதும் அவரே. நல்ல நியாயம்!

இன்னொரு மறுப்பு, சட்டம் இடம் கொடுக்காது என்பது. அரசாங்கமே இடம் கொடுத்திருக்கிறதே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நர்ஸ்கள். தமிழ்நாட்டில் ஆளுக்கு ஒரு ஷிப்டாக மூன்று நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள், தாய்மார் சாவு குறைந்ததற்கு இங்கே சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டினால் ஆக்ஸிடோசின் ஊசியும், வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்பேட் முதல் டோஸும் போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று 2010ல் மத்திய அரசு வெளியிட்ட பிரசவ வழிகாட்டி நர்ஸ்களுக்கும் ஏ.என்.எம்.களுக்கும் அனுமதி தருகிறது. நள்ளிரவில், டாக்டர் இல்லாத கிராமத்தில், இரண்டு உயிரைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானிக்கலாம். அதே படிப்புப் படித்தவள் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில், சுகர் இறங்கி வியர்த்து நடுங்குகிற நோயாளிக்கு மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்க டியூட்டி டாக்டர் போனை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. சுகர் 70க்குக் கீழே, நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது: 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார், ஏறவில்லையென்றால் மறுபடி கொடு, ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ கொடு. நினைவில்லை: வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதே, நரம்பில் குளுக்கோஸ். இதை ஒரு பக்கத்தில் எழுதி, தலைமை டாக்டர் ஒரே ஒருமுறை கையெழுத்துப் போட்டு வார்டில் ஒட்டிவிட்டால் அது நிரந்தர உத்தரவு. ரத்தம் ஒவ்வாமைக்கு ஒரு பக்கம், மூச்சுத் திணறலுக்கு ஒரு பக்கம், ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கு ஒரு பக்கம். நன்றாக நடக்கிற ஆஸ்பத்திரிகளில் இது இருக்கிறது. மற்ற இடங்களில் இல்லாததற்குக் காரணம் காகிதத் தட்டுப்பாடு அல்ல.

ஆள் போட்டால் செலவு என்பார்கள். செலவுதான். போடாவிட்டால்? 2002ல் பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளை வைத்து லிண்டா ஐக்கனும் அவர் குழுவும் செய்த ஆய்வில், ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம் ஆபரேஷன் நோயாளி 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. 2014ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7. அங்கே இன்னொன்றும் தெரிந்தது. டிகிரி படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடிய இடத்தில் சாவு வாய்ப்பு 7 சதவீதம் குறைவு. (தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் இவை, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்பவை அல்ல. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களும் இந்த வித்தியாசத்தை நினைவில் வைக்கவும்.) கலிபோர்னியா 1999லேயே சட்டம் போட்டு 2004ல் அமலுக்குக் கொண்டுவந்தது. சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று உச்சவரம்பு. இன்று அங்கே அது ஐந்து.

இங்கே? தேர்வு வாரியம் நடத்திய தேர்வு எழுதி 2015ல் தமிழக அரசு வேலைக்கு வந்த நர்ஸ்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அதற்கு முந்தைய வருஷமே, 2016ல், உச்சநீதிமன்றம் சொல்லி அமைந்த மத்திய அரசின் குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்துவிட்டது. பரிந்துரை பரிந்துரையாகவே பத்திரமாக இருக்கிறது. 1947ம் வருஷ நர்சிங் கவுன்சில் சட்டத்தை எடுத்துவிட்டு 2023ல் புதிய ஆணையச் சட்டமும் கொண்டுவந்தாயிற்று. அதனால் எந்த வார்டிலாவது ராத்திரி டியூட்டிக்கு இரண்டாவது சிஸ்டர் வந்தாரா என்பதுதான் கேள்வி.

வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஏ.சி. ரூமா, டி.வி. இருக்கா, கேன்டீன் எங்கே என்றெல்லாம் விசாரிக்கிறோம். இனிமேல் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். ராத்திரி இந்த வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை சிஸ்டர்? சுகர் இறங்கினால் சிஸ்டரே உடனே குளுக்கோஸ் கொடுக்க எழுத்தில் உத்தரவு இருக்கிறதா? ரிசப்ஷனில் இருப்பவருக்குத் தெரியாது, மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். அட்வான்ஸ் கட்டாமல் மேனேஜர் வரும்வரை அங்கேயே உட்காருங்கள்.